ஏணியைத் தூக்கிய கம்பவுண்டர்

தோல் பதனிடும் டேனரிகளில் மருந்துப் பெட்டியோடு உத்தியோகம் பார்க்க வந்திருக்கும் தம்பிமார்களே, ஓய்வு பெற்ற ஒருவர் அனுபவத்தைச் சொன்னால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று சொல்லி என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஐம்பது வயது நிரம்பாத ஒருவன் ஓய்வு பெற்றான் என்றால் யாரோ அவனுக்கு ஓய்வு கொடுத்தார்கள் என்று அர்த்தம். எனக்குக் கொடுத்தவர் என் முதலாளி. எதற்காகக் கொடுத்தார் என்பதைத்தான் எழுதப்போகிறேன். அது நியாயம் என்று இன்றுவரை நான் ஒப்புக்கொண்டதில்லை. இதை எழுதி முடிக்கும்போதும் ஒப்புக்கொள்ளப்போவதில்லை. தப்பை உணர்ந்து திருந்திய மனிதனின் கதை வேண்டுமென்பவர்கள் இந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடலாம்.

விஷம் என்றதும் உங்களுக்குப் பாம்புதான் ஞாபகம் வரும். உங்கள் பாடப்புத்தகத்திலும் பாம்புக்குப் பல பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். பாம்பு அதிர்ஷ்டசாலி. நான் பாம்பை விட்டுவிட்டுத் தேளிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் எனக்குப் பாடம் நடத்தியது தேள்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பட்டைக் கிடங்கில் ஒருவனைத் தேள் கொட்டிவிட்டதென்று கூப்பிட்டார்கள். தோல் பதனிட வரும் ஆவாரம் பட்டை கட்டுக்கட்டாக அடுக்கிக் கிடக்கும் இடம் அது. தேள்களுக்கு அதைவிட வசதியான குடியிருப்பு பாலாற்றங்கரையில் கிடையாது. நான்தான் இங்கிலீஷ் புத்தகம் படித்தவனாயிற்றே! ஓடிப்போய், அவன் உட்கார்ந்து துடித்துக்கொண்டிருந்த அதே பட்டைக் குவியலில் மண்டியிட்டு, அவன் கையைப் பிடித்து, "பயப்படாதே, வளர்ந்த ஆள் தேள் கொட்டிச் சாவது அபூர்வம்" என்று பிரசங்கம் ஆரம்பித்தேன். பிரசங்கத்தின் நடுவில் இன்னொரு தேள் என் முழங்காலில் தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்தது. நான் போட்ட சத்தத்தில், யார் நோயாளி, யார் வைத்தியன் என்று சுற்றி நின்றவர்களுக்குக் குழப்பமாகிவிட்டது. முதலில் கொட்டுப்பட்டவன் என் கையைத் தடவிக்கொடுத்தான்.

"அழுவாத கம்பவுண்டரே. வளந்த ஆளு சாவ மாட்டான்னு நீதான இப்ப சொன்ன?"

டேனரி முழுவதும் அன்று சாயங்காலம் வரை சிரித்தது. நானும் சிரித்தேன், சுமார் ஒரு மாதம் கழித்து. ஆனால் அந்தத் தேளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஒருவனை எது கீழே தள்ளியதோ, அது அந்த இடத்தை விட்டுப் போயிருக்காது. அடுத்து வருகிறவனுக்காகக் காத்திருக்கும். உதவிக்கு ஓடுகிறவன் முதலில் பார்க்க வேண்டியது விழுந்தவனை அல்ல, அவன் விழுந்த இடத்தை. இதை நான் முழங்காலால் கற்றேன். மூளைக்கு வந்து சேரத் தாமதமானது. ஆனாலும் சமயத்துக்கு வந்துவிட்டது.

அடுத்தது மூக்கு. நம் தொழிலில் மூக்கைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. புதிதாக வருகிறவன், தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிப் பக்கம் துண்டால் மூக்கைப் பொத்தினால், "இன்னா, அத்தரு பூசிக்கினு வந்துக்கிறியா?" என்பார்கள். கொஞ்ச நாளில் அவனும் பொத்துவதை விட்டுவிடுவான். அப்புறம் அவனே அடுத்தவனைக் கேலி செய்வான். காட்பாடியிலிருந்து வந்த என் மூக்கு மட்டும் கடைசிவரை திருந்தவில்லை. எந்நேரமும் மூக்கில் கைக்குட்டையோடு திரிவேன். எனக்கு அவர்கள் வைத்த பெயர் 'கல்யாணப் பொண்ணு'. முகத்தை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நடந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அப்படி மூக்கைத் தூக்கி எறிந்துவிட்ட இடத்தில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

எங்கள் முதலாளி சாயபு தொழுகை தவறாதவர். டேனரிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழக்கிழமை சாயங்காலம் மயிர் நீக்கிய சுண்ணாம்புத் தண்ணீரையெல்லாம் பின்புறம் இருந்த கழிவுக் குழியில் திறந்துவிடுவார்கள். இரண்டு ஆள் ஆழம். ஒரு ஆள் இறங்கும் அளவுக்குத்தான் வாய். மறுநாள் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களுக்கு நாற்றம் தட்டக் கூடாதென்று வாய்க்குப் பலகை போட்டு, மேலே ஈரச் சாக்கு விரித்து, மண்ணும் பூசி அடைப்பார்கள். நல்ல எண்ணம்தான். அந்த வாரம் பட்டைத் தண்ணீர் போகும் வாய்க்கால் இடிந்து கிடந்தது. அதனால் புளித்த பட்டைத் தண்ணீரையும் அதே குழியில் விட்டிருந்தார்கள்.

உங்களில் ரசாயனம் படித்தவர்களுக்கு இப்போதே விஷயம் புரிந்திருக்கும். படிக்காதவர்களுக்குச் சொல்கிறேன்: மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் மருந்தில் கந்தகம் இருக்கிறது. அதன்மேல் புளித்த தண்ணீர் பட்டால் ஓர் ஆவி கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாறும். ஜாஸ்தியானால் முதலில் மூக்கைத்தான் கொல்லும்; நாற்றமே தெரியாது. அதற்கும் மேலே போனால் ஆளைக் கொல்லும்.

சனிக்கிழமை காலை, கழிவுக் குழியின் மதகில் மயிர் அடைத்துக்கொண்டது. அதை எடுக்க ஏழுமலை என்பவன் மூங்கில் ஏணி வைத்து இறங்கினான். நான் கொஞ்ச தூரத்தில் ஒருவன் காலில் சுண்ணாம்புப் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். பலகையைத் திறந்தபோது வந்த நாற்றத்தில் என் கைக்குட்டை தோற்றுவிட்டது. மேலே நின்ற காதர் மேஸ்திரி குழிக்குள் குனிந்து கேட்டார்:

"ஏன்டா ஏழுமல, நாத்தம் எப்பிடிகீது?"

கீழேயிருந்து ஏழுமலையின் குரல் உற்சாகமாக வந்தது. "நாத்தமே இல்ல மேஸ்திரி! எறங்கறப்பதான் இருந்திச்சி. இப்ப சுத்தமா கீது!"

தம்பிமார்களே, என் வாழ்நாளில் நான் கேட்ட மிக மோசமான வாக்கியம் அதுதான். கட்டுத்துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். "மேலே வா! ஏறி வா!" என்று கத்தினேன். ஏறவில்லை. தொப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

நான் போய்ச் சேருவதற்குள், பட்டைக் கிடங்கில் வேலை செய்யும் பாஷா, காதர் மேஸ்திரியின் தங்கை புருஷன், ஏணியில் பாதி இறங்கிவிட்டான். ஏழுமலையும் அவனும் தோஸ்துகள்.

"பாஷா, இறங்காதே! விஷக் காத்து!"

"இன்னா கல்யாணப் பொண்ணு, மயங்கிக் கெடக்கறான், வுட சொல்றியா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினான். கடைசிப் படியில் காலை வைத்தான். கை ஏணியை விட்டது. ஏழுமலையின் மேலேயே விழுந்தான்.

இப்போது கீழே இரண்டு பேர். மேலே கூட்டம். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான் முனுசாமி, ஏழுமலையின் அண்ணன். ஈர எருமைத் தோலை ஒற்றை ஆளாகத் தோளில் போட்டு நடக்கிறவன். அவன் குழியை நோக்கி வந்த வேகத்தைப் பார்த்ததும், அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இவன் இறங்குவான், விழுவான். இவனுக்காக இன்னொருவன் இறங்குவான். கூட்டத்தில் கோழை ஒருவனும் இல்லை, அதுதான் ஆபத்து.

முனுசாமியைத் தடுக்க எனக்கு உடம்பு போதாது. என் கைகளைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்கமாட்டார்கள். ஆகவே என்னால் முடிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். ஏணியைப் பிடித்து மேலே இழுத்தேன். இழுத்து, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டேன்.

கீழே இரண்டு உயிர். மேலே ஏணியை எடுத்துவிட்ட கம்பவுண்டர்.

"டேய்! இன்னாடா பண்ண?" முனுசாமி என் சட்டையைப் பிடித்தான். "எந்தம்பி உள்ள கீறான்டா!"

"தெரியும். நீயும் போனா மூணு பேரு."

"செத்தா நான் சாவறன். உனுக்கு இன்னா?"

"உன்னை எடுக்க நாலாவது ஆளு இறங்குவான். அதுதான் எனக்கு."

அவன் என்னைத் தள்ளிவிட்டுக் குழியின் வாயில் காலை வைத்தான். குதித்திருப்பான். காதர் மேஸ்திரிதான் பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். அதுவரை "ஏணியக் கொண்டாங்கடா" என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர். பாஷா விழுந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவரும் அவர்தான்.

"வுடு மேஸ்திரி! வுடு!"

"எம் மச்சானும் கீழதான்டா கெடக்கறான்!" என்று அவன் முதுகில் முகத்தை வைத்துக் கத்தினார். "எனுக்கு மட்டும் ஆச இல்லியா? கம்பவுண்டரே, இன்னா பண்ணணுமோ சீக்கிரம் பண்ணுய்யா!"

என்ன பண்ணுவதென்று எனக்கும் முழுதாகத் தெரியாது. இந்த இடத்தில் என் புத்தகம் 'சுத்தமான காற்றுக்குக் கொண்டு செல்க' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. எப்படிக் கொண்டு செல்வது என்பதை ஆசிரியர் வாசகரின் ஊக்கத்துக்கு விட்டுவிட்டார். ஈரத் தோல் ஒன்றை நாலு முனையிலும் பிடித்துக் குழிவாயில் விசிறி மாதிரி அடிக்கச் சொன்னேன். புதுச் சுண்ணாம்புப் பால் இரண்டு குடம் கொண்டுவரச் சொல்லி, கீழே கிடப்பவர்கள்மேல் படாமல் எதிர்ச் சுவரோரமாக ஊற்றினேன். அந்த ஆவியைச் சுண்ணாம்பு கொஞ்சம் குடிக்கும். அப்புறம் சொன்னேன்:

"கொக்கியை எடுங்கள்."

கொக்கி என்பது, குழியில் ஊறும் தோலை மேலே இருந்தே இழுக்கும் நீண்ட மூங்கில் கழி. நுனியில் இரும்பு வளைவு. ஒவ்வொரு குழியோரமும் ஒன்று சாத்தியிருக்கும். கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. ஒருவனும் அதைத் தொடவில்லை.

ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை, முனுசாமி புரியவைத்தான். காதரின் பிடியில் திமிறிக்கொண்டே சொன்னான்:

"செத்த மாட்டத்தான்டா கொக்கி போட்டு இழுப்பாங்க! எந்தம்பிய மாட்டுத் தோலா நெனச்சிக்கினியா? ஊரெல்லாம் எங்கள அப்டிதான நெனைக்குது, நீயுமா? கொக்கி அவன் மேல பட்டுது, உன்ன உசுரோட வுட மாட்டன்!"

அவன் சொன்னதில் பொய் இல்லை. தோலைத் தொடுகிறவர்கள் என்று தெருவில் ஒதுங்கி நடக்கவைக்கப்பட்டவர்கள் அவர்கள். ஊர் அவர்களை நடத்திய விதம் முழுவதும் அந்த இரும்பு வளைவில் தொங்கிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் யோசித்து மனம் உருக எனக்கு நேரமிருந்திருந்தால் நல்ல மனிதன் என்று பெயரெடுத்திருப்பேன். கீழே இருவரும் போயிருப்பார்கள். நானே கொக்கியை எடுத்தேன். கட்டுத்துணிக் கத்தரிக்கோல் பிடித்துப் பழகிய கை. இரண்டு முறை சுவரில் மாட்டினேன். மூன்றாம் முறை கழியையே நழுவவிடப் பார்த்தேன்.

"தள்ளுய்யா!" என்றார் காதர். முனுசாமியை நாலு பேரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து என் கையிலிருந்து கழியைப் பிடுங்கினார். "மேல கெடக்கறது எம் மச்சான். மொதல்ல எங்க ஆளு மேலயே போடறன். பாத்துக்க முனுசாமி! எம் மச்சான் மேல போடறன்!"

போட்டார். பாஷாவின் சட்டையோடு தோள்சதையும் கொஞ்சம் மாட்டியது. இழுத்தோம். குழிவாய்க்கு வந்ததும் கைகள் வாங்கிக்கொண்டன. அடுத்து ஏழுமலை. நனையாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த சாக்கின் கயிற்றில் மாட்டினார். பாதி உயரத்தில் கயிறு அறுந்து மறுபடி விழுந்தான். முனுசாமி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டாம் முறை அக்குளில் மாட்டி இழுத்தார். வந்துவிட்டான்.

காற்று வரும் பக்கமாக, குழிக்குத் தூரத்தில் இருவரையும் குப்புறப் படுக்கவைத்தோம். மூச்சு திரும்ப பாஷாவின் முதுகை எப்படி அழுத்துவதென்று ஒருவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு நான் ஏழுமலைமேல் உட்கார்ந்தேன். அழுத்து, விடு, அழுத்து, விடு. பாஷா சீக்கிரமே இருமி, வாந்தியெடுத்து, கண்ணைத் திறக்க முடியாமல் தன் மச்சானைத் திட்ட ஆரம்பித்தான். ஏழுமலை திட்டவில்லை. நாலு பேரும் பிடியை விட்டுவிட்டதால் முனுசாமி தம்பியின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்திருந்தான். நான் களைத்துக் கை நழுவியபோது அவன் தன் கைகளை என் கைகளின்மேல் வைத்து அழுத்தினான். "வுடாத கம்பவுண்டரே, வுடாத" என்றான். அவனும் நானும் ஒரே வேலையைச் சேர்ந்து செய்தது அந்த ஒரு தடவைதான்.

ஊரிலிருந்து ஜட்கா வண்டியில் டாக்டர் வந்தார். ஏழுமலையின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "போதும், நிறுத்து" என்றார். நான் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருந்தேன். அது வைத்தியம் இல்லை, கை கேட்கவில்லை.

ஏழுமலையை அடக்கம் செய்த பிறகு டேனரி திறந்தது. ஆட்கள் வெளியிலேயே நின்றார்கள். சாயபு என்னைக் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. ஏழுமலை வீட்டுக்குக் கேட்காமலே அரிசி அனுப்பியவர்.

"கம்பவுண்டர் சாப், உக்காருங்க. ஆளுங்க உள்ள வர மாட்டேங்கறாங்க. ஏணிய எடுத்ததுக்கும், கொக்கி போட்டதுக்கும் நீங்க எல்லாரு முன்னாடியும் மன்னிப்பு கேக்கணுமாம்."

"கொக்கி போட்டவர் காதர் மேஸ்திரி."

"அவரு மச்சான் மேலயும்தான போட்டாரு, அவர யாரும் பேசல. போடச் சொன்னவரத்தான் பேசறாங்க." குரலைத் தாழ்த்தினார். "ஒரு வார்த்த. புத்தி தடுமாறிப் பண்ணிட்டேன்னு சொல்லிடுங்க. உங்களுக்கு இன்னா கொறஞ்சிடும்? பேஜார் முடிஞ்சிடும்."

"எனக்கு ஒன்றும் குறையாது, முதலாளி. ஆனால் அத்தனை பேர் கேட்க நான் அப்படிச் சொன்னால், ஏணியைத் தூக்கியது தப்பு என்று அத்தனை பேருக்கும் பாடம் நடத்தினதாகும். அடுத்த தடவை ஒருவன் விழுந்தால் ஏணி அங்கேயே இருக்கும். ஒவ்வொருத்தனாக இறங்குவான். அந்தச் சாவெல்லாம் நான் சொன்ன ஒரு வார்த்தையால் வந்ததாகும்."

"அடுத்த தடவ ஆவாதுன்னு அல்லாவ வேண்டிக்குவோம்."

"வேண்டிக்கொள்ளுங்கள். கூடவே, பலகையில் ஓட்டை போடுங்கள். புளித்த தண்ணீரையும் சுண்ணாம்புத் தண்ணீரையும் ஒரே குழியில் விடாதீர்கள். குழியில் இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு கட்டி மேலே ஒருவன் பிடித்துக்கொள்ளட்டும், கொக்கிக்கு வேலையிருக்காது."

அவர் தாடியைத் தடவிக்கொண்டே, "வேலையா, ஒரு வார்த்தையா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். மறுநாள் மருந்துப் பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுக் காட்பாடி ரயிலேறினேன். ஒரு மாதத்துக்குள் பலகையில் ஓட்டை போட்டு, வாய்க்காலையும் கட்டிவிட்டார்கள் என்று காதர் மேஸ்திரி ஆள் மூலம் சொல்லியனுப்பினார். இடுப்புக் கயிறும் வந்துவிட்டதாம். நான் மட்டும் திரும்பி வரவில்லை. இதைத்தான் ஓய்வு என்கிறார்கள்.

உங்களில் சிலர், இவ்வளவு பிடிவாதம் எதற்கு, மன்னிப்புக் கேட்டுவிட்டு வேலையில் இருந்துகொண்டே நல்லது செய்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். அப்படி நினைக்கிறவர்கள் எதிலும் நன்றாக முன்னுக்கு வருவார்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் குழிவாயில் நிற்கும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே கிடப்பவன் மட்டும் உங்கள் நோயாளி இல்லை. கண்ணில் கண்ணீரோடும், கையில் பலத்தோடும், மூக்கில் ஒன்றும் தெரியாமலும் உங்களை நோக்கி ஓடி வருகிறானே, அவனும் உங்கள் நோயாளிதான். அவனுக்கு மருந்து கிடையாது, தடைதான் உண்டு. அதை வாங்கிக்கொண்டு அவன் நன்றி சொல்லவும் மாட்டான்.

எனக்குத் தெரியும். டேனரி இருக்கும் ஆம்பூரில் சந்தைக்கு எப்போதாவது போவேன். முனுசாமி கண்ணில் பட்டுவிட்டால் தீர்ந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் என்னைச் சும்மா விட்டதில்லை. போன மாதமும் வெற்றிலைக் கடை முன்னால் பிடித்துக்கொண்டான். தலை நரைத்துவிட்டது, தோள் அப்படியேதான் இருக்கிறது.

"ஏணியத் தூக்குனவனே! எந்தம்பிய மாட்டு மாதிரி இழுத்தவனே! நல்லாகீறியா? கண்ணு தெரியுதா?" என்று ஆரம்பித்தான். கூட்டம் கூடியது. கடைக்காரன் வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டான். நான் குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன். வழக்கமாக அவன் முடிக்கும்வரை நின்றுவிட்டுப் போவேன். அன்று அவன் நடுவில் நிறுத்தி, என் முகத்துக்கு அருகே வந்து, சத்தமில்லாமல் கேட்டான்:

"நெசமா சொல்லு. மறுபடியும் அப்டி ஒரு நாளு வந்தா, நான் ஓடியாந்தா, இன்னா பண்ணுவ?"

"தூக்குவேன்" என்றேன். "உன் கண் எதிரிலேயே தூக்குவேன்."

அவன் ஓரடி பின்னால் போனான். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, முதலிலிருந்து திட்ட ஆரம்பித்தான்.